முடிவு தெரிந்த கதைக்கு முன்கதை எதற்கு?

கதை கேட்போர்க்கு இருவகை ஆவல் உண்டு. ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்பது ஒன்று. ‘அதற்கு முன் என்ன நடந்தது?’ என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை கூறுவது எளிது. கதையை மேலே நடத்திச் சென்றால் போதும். பின்னதற்கு விடை கூறப் புகுந்தவர் பாடுதான் சங்கடமானது. கதை எங்கே போய் முடியும் என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். அறிந்ததில் அணுவளவு மாறினாலும் பொறுக்கமாட்டார்.

இந்தச் சங்கடத்தை நெடுங்காலமாக அனுபவித்து வருவது ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க விஞ்ஞானக் கதைத் தொடர். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், பற்பல கிளைத் தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1980-களில் தூர்தர்ஷன் இதனை ஒளிபரப்பியபோது கண்டு களித்தவர்கள் நம் அன்பர்களிடையே பலர் இருப்பர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று புதிய தொடர்களை இணையத்தில் பார்க்கின்றனர். ஆகவே ‘இக்கதைக்கு முன்கதை தேவைதானா?’ என்று ரசிகர்களிடையே நடக்கும் வழக்கு, நம் கூடங்களிலும் தந்தைக்கும் மகளுக்கும் இடையே எழக்கூடியதே. அவ்வழக்கை இருதரப்பும் கேட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் பிறப்பு

ஜீன் ராடன்பெரி என்பார் படைத்த மூலத் தொடரில், எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பலின் தலைவர் கர்க். அவருடைய துணைவர், வல்கன் தந்தைக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்த ஸ்பாக். பல நாட்டாரும் வேற்றுக்கோளினரும் ஒரே கப்பலில் ஒற்றுமையாகப் பணிபுரியும் வருங்காலத்தைக் காட்டியதே அதன் தனிச்சிறப்பு. இரண்டாம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் எழுதிக் குவித்தனர். 1968-இல் மூன்றாம் பருவம் கிடைத்தது. 1969-இல் 79 பகுதிகளோடு அது நிறைவுற்றது. கதையின்மீது தமக்கும் உரிமை உண்டு என்னும் எண்ணம் ரசிகர்களுக்கு அன்றே வேரூன்றிவிட்டது.

1979-இல் திரைப்படம் வந்தது. 1987-இல் கதை ஏறத்தாழ நூறாண்டு முன்னோக்கித் தாவி, புதிய கப்பலோடும் புதிய தலைவரோடும் தொடர்ந்தது. முன்னோக்கிச் செல்லும்வரை வழக்கு பெரிதாக எழவில்லை. 1990-ஐ ஒட்டி, கர்க்கும் ஸ்பாக்கும் மாணவர்களாக இருந்த காலத்தைப் படமாக்கலாம் என்று தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் ஒரு திட்டம் வகுத்தார். எதிர்ப்பு எழவே அது கைவிடப்பட்டது. பழைய நடிகர்களே நடித்த ஆறாம் திரைப்படம் 1991-இல் வெளிவந்தது.

முழு முன்கதையாக வந்த முதல் தொடர் 2001-இல் தொடங்கிய ‘எண்டர்பிரைஸ்’. கர்க்கின் காலத்துக்கு நூறாண்டுகள் முன், ஆர்ச்சர் என்னும் தலைவரின்கீழ் மனிதர்கள் முதன்முதலாக நெடுந்தொலைவு செல்வதை அது கூறியது. பார்ப்போர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவர, 2005-இல் 98 பகுதிகளோடு நின்றது. 2009-இல் வந்த திரைப்படமோ காலப்பயணத்தால் வரலாறே கிளை பிரிந்துவிட்டதாகக் கூறி, பழைய கதையின் பிடியிலிருந்து தந்திரமாக விடுபட்டது. 2017-இல் ‘டிஸ்கவரி’, கர்க்குக்குப் பத்தாண்டு முந்திய காலத்தில் தொடங்கியது. 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ வந்தது. கர்க்குக்கு முன் அதே எண்டர்பிரைஸ் கப்பலுக்குத் தலைவராயிருந்த பைக் என்பாரின் கதை இது. ஒவ்வொன்றும் வரும்போது பழைய வழக்கு மீண்டும் தலைதூக்கியது.

வேண்டா என்பார் வாதம்

இவர்களுடைய முதல் வாதம், அபாயம் என்பதே இல்லாத இடத்தில் கதைச்சுவை ஏது என்பது. ஸ்பாக்கை எத்தனை பகைவர் சூழ்ந்தாலும் அவர் சாகமாட்டார். பின்னர்க் கர்க்கோடு இருந்தாகவேண்டுமே! நெஞ்சு படபடக்க வேண்டிய இடத்தில் காண்போர் கொட்டாவி விடலாம் அன்றோ?

இரண்டாவது வாதம் முரண்பாடு பற்றியது. 1966 டிசம்பரில் வந்த ஒரு பகுதியில், ரோமுலர் என்னும் பகைவரின் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் மறைவது கர்க்கின் குழுவினர்க்குப் பெரும் வியப்பாக இருக்கிறது. அதற்கு நூறாண்டு முந்திய கதையான ‘எண்டர்பிரைஸ்’ தொடரில், 2002-இல் வந்த பகுதியொன்றிலேயே ரோமுலர் கப்பல் மறைந்து தோன்றுகிறது. பாட்டனார் கண்டதைப் பேரன் முதன்முதலாகக் கண்டு வியப்பதா என்று ரசிகர்கள் கேட்டனர். ‘டிஸ்கவரி’யிலோ, காளான் வித்துகளின் வலைவழியே இமைப்பொழுதில் அண்டத்தைக் கடக்கும் பொறி ஒன்று வருகிறது. இப்படி ஒன்று இருந்திருந்தால் பின்வந்தவர்கள் அதனை ஏன் மறந்தார்கள்? அதுபற்றி எவரும் வாய்திறவாதபடி மேலிடம் ஆணையிட்டுவிட்டது என்று இரண்டாம் பருவத்தின் முடிவில், 2019-இல், ஆசிரியர்கள் சமாதானம் சொல்ல நேர்ந்தது. அடுத்த பருவத்தில் அக்கப்பல் ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேலாக எதிர்காலத்துக்குப் பாய்ந்துவிட்டது. முன்கதை எழுதப் புகுந்தவர்களே முன்கதையைவிட்டு ஓடினர் என்று மறுப்பாளர் நகைத்தனர்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஆசை. க்ளிங்கான் என்னும் வீரக்குடியினர் மூலத் தொடரில் மனிதரைப் போன்ற வழுவழுப்பான நெற்றியோடு இருந்தனர். 1979 திரைப்படம் முதலாக அவர்கள் நெற்றியில் வரப்பு வரப்பாக எலும்பு புடைத்தது. ஒப்பனைக்குச் செலவிடப் பணம் கிடைத்ததே உண்மையான காரணம். 1996-இல் வந்த ஒரு பகுதியில், இதுபற்றிக் கேட்கப்பட்ட க்ளிங்கான் பாத்திரம், வெளியாரிடம் அதனைப் பேசும் வழக்கம் தமக்கில்லை எனும் பொருள்படச் சொல்லி நழுவிவிடும். ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். விஷயம் அழகாக முடிந்தது. ஆனால் 2005-இல் முன்கதைத் தொடர், ஒரு நோயே இதற்குக் காரணம் என்று இரண்டு பகுதிகள் செலவிட்டு விளக்கியது. ஒரு நகைச்சுவையால் தீர்ந்துபோன ஐயத்துக்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு என்பது இவர்கள் கேள்வி.

வேண்டும் என்பார் வாதம்

மறுதரப்பாரும் வெறுங்கையோடு வரவில்லை. முரண்பாடு என்பது இத்தொடரின் உடன்பிறப்பு என்கின்றனர் அவர்கள். ‘டிஸ்கவரி’யின் நாயகி ஸ்பாக்கின் வளர்ப்புச் சகோதரி என்றதும், இவரைப்பற்றி ஸ்பாக் ஒருநாளும் பேசவில்லையே என்று கூக்குரல் எழுந்தது. ஆனால் 1967-இலேயே, கப்பலுக்கு விருந்தினராக வந்த தூதரும் அவர் மனைவியும் ஸ்பாக்கின் பெற்றோர் என்பது அருமை நண்பர் கர்க்குக்கே தெரியாதிருந்தது. 1989 திரைப்படத்தில், அதுவரை கேள்விப்படாத அண்ணன் ஒருவரும் தோன்றினார். குடும்பத்தைப்பற்றி வாய்திறவாமை ஸ்பாக்கின் இயல்பு. ஆதலால் சகோதரியின் வருகை அந்த இயல்புக்கு மாறானதன்று என்பது இவர்கள் விடை.

கப்பலின் தோற்றம் பற்றியும் இவர்கள் ஒன்று சொல்வர். 1966-இன் கலைஞர்கள் கற்பனை செய்த பொத்தான்களையும் விளக்குகளையும் இன்று நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியே விஞ்சிவிட்டது. அந்தப் பழைய பலகைகளை அப்படியே காட்டினால், இன்றைய இளைஞருக்கு அது வருங்காலமாகத் தோன்றாது, பொருட்காட்சிச்சாலையாகவே தோன்றும்.

இவையெல்லாவற்றினும் வலிய சான்று ஒன்று உண்டு. முன்கதைக்கான வித்து மூலத் தொடருக்குள்ளேயே கிடந்தது என்பதே அது. 1964-இன் இறுதியில் படமாக்கப்பட்ட முதல் மாதிரிப் பகுதியில் கப்பல் தலைவராக இருந்தவர் கர்க் அல்லர், பைக். அதனைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரியில்தான் கர்க் வந்தார். ஆனால் படமெடுத்த சுருள் வீணாகவில்லை. 1966 நவம்பரில் வந்த இருபகுதிக் கதையொன்றில், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவமாக அது செருகப்பட்டது. ஆகவே தொடர் தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே அதற்கு ஒரு முன்கதை கிடைத்துவிட்டது!

நமது துணிபு

இருதரப்பையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, முன்கதையை இருவகையாகப் பிரித்துக்கொண்டால் வழக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. அடுக்கில் விடுபட்ட செங்கற்களைத் தேடிச் சொருகுவது ஒருவகை. க்ளிங்கான் நெற்றியின் விளக்கம் அவ்வகையைச் சேர்ந்தது. அது வராவிடினும் நட்டமில்லை. நாம் அறிந்த ஒரு நன்மை என்ன விலை கொடுத்துப் பெறப்பட்டது என்று காட்டுவது மற்றொரு வகை. இவ்வகை முன்கதை தேவையே. முடிவு தெரிந்திருப்பது இதற்குக் குறையாகாது. அதுவே இதன் வலிமை.

பைக்கின் கதையைப் பாருங்கள். 1966-இல் நாம் கண்ட பைக், பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப்போய்க் கதிர்வீச்சில் சிக்கி, உடல் முழுதும் செயலற்று, ஆம் என்றும் இல்லை என்றும் விளக்கொளியால் மட்டுமே உணர்த்தக்கூடிய நிலையில் சக்கர நாற்காலியில் இருந்தவர். அந்த விதியைப் பைக்கே முன்கூட்டிக் கண்டுவிட்டதாக 2019-இல் ‘டிஸ்கவரி’யில் அமைத்தனர். ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் அவர் அந்த அறிவோடு சமைக்கிறார், சிரிக்கிறார், கப்பலை நடத்துகிறார். முதற்பருவத்தின் இறுதியில், அம்மாணவர்களை எச்சரித்துத் தம் விதியை மாற்றிவிடலாமா என்று முயல்கிறார். மாற்றினால் ரோமுலர்களோடு பெரும்போர் மூளும் என்று அறிந்து மீண்டும் தம் விதியையே ஏற்கிறார். காண்போர்க்குத் தெரிந்த முடிவு பாத்திரத்துக்கும் தெரிந்துவிட்டது. இனி ‘என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு இடமில்லை. ‘தெரிந்தபின் ஒருவர் எப்படி வாழ்வது?’ என்ற பெரிய கேள்வி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொட்டாவிக்கு அங்கே வேலையில்லை.

அதே முதல் மாதிரிப் பகுதியில் பைக்குக்கு அடுத்த நிலையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். அவருக்குப் பெயர்கூட இல்லை. ‘நம்பர் ஒன்’ என்று மட்டுமே அழைக்கப்பட்டார். புதிய தொடரில் ஊனா என்ற பெயரோடு வரும் அவருக்கு ஒரு கடந்தகாலமும் கிடைத்தது. மரபணுவை மாற்றியமைத்துக்கொள்ளும் குடியில் பிறந்தவர் அவர். அத்தகையோரைச் சேர்த்துக்கொள்ளாத விண்படையில், தம் பிறப்பை மறைத்துப் பணிக்குச் சேர்ந்தவர். 2023-இல் வந்த ஒரு பகுதியில் அவர் விசாரணைக் கூண்டில் நிற்கிறார். இறுதியில் புகலிடம் கோரியவராக ஏற்கப்பட்டு விடுதலை பெறுகிறார்.

தோல்வியுற்றதாகக் கூறப்படும் 2001-ஆம் ஆண்டுத் தொடரும் தன் கடைசிப் பருவத்தில் இந்த உயரத்தைத் தொட்டது. பூமியில் தங்கியிருக்கும் வேற்றுக்கோளினர் அனைவரும் உடனே வெளியேறவேண்டும் என்று முழங்கும் ஒரு மனிதக் கூட்டத்தை 2005-இல் வந்த இரு பகுதிகள் காட்டின. கூட்டமைப்பு உருவாகுமுன்பே சிதறிவிடும்போல் இருக்கிறது. கர்க்கின் கப்பலில் இயல்பாகவே கிடைத்ததுபோல் தோன்றிய ஒற்றுமை, நூறாண்டுக்கு முன் எத்தகைய வெறுப்பைத் தாண்டி வந்தது என்று அப்போதுதான் விளங்குகிறது. பிழைக்க வந்த ஊரில் ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கும் நம்மனோர்க்கு, இது அயல்நாட்டார் கட்டிய கதையாகமட்டும் தோன்றாது.

அதே தொடரின் நிறைவுப் பகுதி எதிர்மாறான பாடம். ஆர்ச்சரின் குழுவினர்க்கு விடைகொடுக்கவேண்டிய அப்பகுதியை, 1987-இன் தொடரைச் சேர்ந்த ஓர் அதிகாரி தம் கப்பலில் பழைய நிகழ்ச்சிகளின் பதிவாகப் பார்ப்பதுபோல் அமைத்துவிட்டனர். நான்காண்டுகள் உழைத்தவர்கள் தம் விடைபெறும் நாளில் பிறர் கதையின் அடிக்குறிப்பாயினர். ரசிகர்களுக்கு அது இன்றும் ஆறாப் புண். முன்கதையின் மாந்தர் பின்கதைக்கு ஏவலாளர் ஆகும்போது இரண்டும் கெடுகின்றன.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் இதே ஆவலைக் காணலாம். தாத்தா இவ்வூருக்கு வந்து குடியேறினார் என்ற முடிவு அவர்களுக்குத் தெரியும். அம்முடிவினுள்தான் அவர்கள் வாழ்கின்றனர். ஆயினும் கேட்கிறார்கள்: மொழி தெரியாமல் கடையில் எப்படிப் பேசினீர்கள்? முதல் மாதம் எங்கே தங்கினீர்கள்? திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றவில்லையா? ரயிலேறிய தேதி அவர்களுக்குப் பெரிதன்று. கொடுத்த விலை என்ன என்பதே அவர்கள் அறிய விரும்புவது.

பிள்ளைகளோடு இத்தொடரைக் காண விரும்பும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. கதைக்காலத்தின் வரிசைப்படி ஆர்ச்சரிலிருந்து தொடங்கவேண்டா. வெளிவந்த வரிசையே நன்று. 1966-இன் ரோமுலர் பகுதியையும், பைக்கின் இருபகுதிக் கதையையும் முதலில் காட்டுங்கள். அட்டைப் பாறைகளையும் மின்மினி விளக்குகளையும் கண்டு சிறுவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு 2022-இன் தொடருக்கு வாருங்கள். சமையற்கட்டில் நின்று நண்பர்களுக்கு விருந்து சமைக்கும் பைக்கைப் பார்க்கும்போது அவர்கள் சிரிப்பு சற்றே அடங்கும். அவருக்கு என்ன நேரப்போகிறது என்பதை அவர்கள் முன்னமே அறிவார்கள் அன்றோ?