பாயிரமும் பாடல் அறிவிப்பும்: தென்கடற்கரையில் இலங்கை வானொலி நேயர் மரபு

முன்னுரை

திரைப்பாடலைக் கேட்டு மகிழ்வோர் அதன் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் ஆகியோரைப் பற்றி உரையாடுவது தமிழகத்தின் பரவலான வழக்கம். கூடங்குளம் போன்ற தென்கடற்கரை ஊர்களில் இவ்வழக்கத்தை வளர்த்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்குண்டு. அவ்வானொலியின் பாடல் அறிவிப்பு தமிழ்ப் பாயிர மரபோடு ஒப்புநோக்கத்தக்கது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடல்வழி வந்த ஒலி

கூடங்குளத்திலிருந்து சென்னை 600 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. கொழும்போ நேர்தொலைவில் 300 கி.மீ.க்கும் குறைவு. இடையிலிருப்பது கடல். நிலத்தைவிட உப்புநீர்ப் பரப்பின்மேல் மத்திய அலை குறைந்த இழப்புடன் செல்லும். 1952இல் பி. வி. கேஸ்கர் ஒன்றிய அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரையிசை பெரிதும் ஒதுக்கப்பட்டது. விவித பாரதி 1957இலும் திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இலும் தோன்றின. அதற்கு முன்பே தென்கடற்கரையின் செவி கொழும்பை நோக்கித் திரும்பியிருந்தது.

அறிவிப்பும் பாயிரமும்

பாடலுக்கு முன் படத்தின் பெயரும் பாடியோர் பெயரும், பல வேளைகளில் கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களும் கூறப்பட்டன. ‘நேயர் விருப்பம்’ போன்ற நிகழ்ச்சிகளில் பாடலை வேண்டியவரின் பெயரும் ஊரும் ஒலித்தன. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்குக் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், கேட்போர் ஆகிய மூன்றும் இங்கு இடம்பெறுவது கருதத்தக்கது. நன்னூலின் கேட்போர் நூலைக் கற்கத் தகுதியுடையோர். வானொலியின் கேட்போரோ பாடலை வேண்டியவரும் செவிமடுத்தவரும் ஆவர். ‘கேள்’ என்னும் வினையின் இருபொருளும் நேயரிடம் ஒருங்கே பொருந்துகின்றன.

ஒரு பாடல், நான்கு பெயர்கள்

‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ஆபேரி ராக முருகன் பாடலைச் சான்றாகக் கொள்ளலாம். கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதி, எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைக்க, எஸ். ஜானகி பாடிய இப்பாடலில் நாகசுரம் வாசித்தவர் தாமிரபரணிக் கரையின் காருகுறிச்சி அருணாசலம். சிறப்பு குரலுக்கா, நாகசுரத்திற்கா, மெட்டுக்கா, சொல்லுக்கா என வினவும்போது ரசிகர் பேச்சு திறனாய்வாகிறது. பெயர் அறியப்படாத இடத்தில் இவ்வினா எழுவதில்லை. பின்னணியில் வாசித்த பெரும்பாலான கலைஞர்கள் காருகுறிச்சியாரைப் போலப் பெயர் பெறவில்லை. அறிவிப்பு மரபின் எல்லையும் இதுவே.

முடிவுரை

பரிபாடலில் கிடைத்துள்ள பாடல்கள் பலவற்றின் இறுதியில் பாடியவர், இசை வகுத்தவர், பண் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. நன்னாகனார், பெட்டனாகனார் முதலிய இசைவாணரை இக்குறிப்புகளாலேயே அறிகிறோம். குறிப்பு அழிந்திருப்பின் பாடல் எஞ்சியிருக்கும். இசை வகுத்தவர் மறைந்திருப்பார். திரையிசைக்கும் இது பொருந்தும். இசைத்தட்டு உறையிலும் அறிவிப்பிலும் இடம்பெறாத வாத்தியக் கலைஞர் பெயர்கள் முதிய நேயர்தம் நினைவில் எஞ்சியிருக்கக்கூடும். ஆதலின் அவர்தம் உரையாடலை வாய்மொழித் தரவாகத் தொகுத்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பதிவு செய்வது திரையிசை ஆய்வின் உடனடிக் கடமையாகும்.