வெர்ஷன் நம்பரை நம்பாதீங்க, வாலைப் பாருங்க

2024 ஜூலை 1. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் பெரிய ஓட்டை இருக்குன்னு செய்தி. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ஒருவர் சர்வரில் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க வழிவிடும் ஓட்டை. 9.8 வெர்ஷனில் சரிசெய்தாச்சு, உடனே அப்டேட் பண்ணுங்கன்னு எல்லோரும் சொல்றாங்க. நானும் என் டெபியன் 12 சர்வரில் அப்டேட் போட்டேன். முடிந்ததும் வெர்ஷன் பார்த்தால் 9.2! வந்த கோபத்தில் சோர்ஸ் கோடை இறக்கி நானே கம்பைல் பண்ண உட்கார்ந்துட்டேன்.

நல்லவேளை, அதற்கு முன்னால் அந்த வரியை முழுசாகப் படித்தேன். 9.2-க்குப் பின்னால் ஒரு வால்: டெப்12யூ3. அதாவது டெபியன் 12-க்கான மூன்றாவது திருத்தம். ஓட்டை ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

டெபியனின் ஸ்டேபிள் ரெபாசிட்டரி இப்படித்தான் வேலை செய்யும். 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோது என்ன வெர்ஷன் இருந்ததோ, பெரும்பாலும் அதிலேயே நிற்கும். ஓட்டை கண்டுபிடிச்சா, புது வெர்ஷனில் இருந்து அந்தத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழையதில் தைப்பாங்க. இதுக்குப் பேர் பேக்போர்ட். ஏன் இவ்வளவு சிரமம்? புது வெர்ஷன் திருத்தத்தோடு மட்டும் வராது. புது வசதி, மாறிப்போன செட்டிங், அதை நம்பியிருக்கிற வேறு பத்து மென்பொருளுக்குப் புதுத் தலைவலி, எல்லாம் சேர்ந்து வரும். நள்ளிரவில் ஒரு அப்டேட்டால் சர்வர் படுத்தால் அந்த வலி தெரியும்.

நான் கம்பைல் பண்ணியிருந்தால்? ஆப்ட்டுக்கு அந்த மென்பொருள் இருப்பதே தெரியாது. அடுத்த ஓட்டைக்குத் திருத்தம் வந்தாலும் என் மெஷினுக்கு வராது.

அப்போ புது வெர்ஷன் எங்கே போகும்? முதலில் அன்ஸ்டேபிள். செல்லப் பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன் பெயர்தான். அங்கே சில நாள் பெரிய பிழை இல்லாமல் தாங்கினால் டெஸ்டிங். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து, பிழை களைந்து, அடுத்த ஸ்டேபிளாக்குவாங்க.

இந்தத் தாமதத்தின் மதிப்பு அதே வருஷம் மார்ச்சிலேயே தெரிஞ்சது. எக்ஸ்இசட் என்கிற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ஒருவர் ரகசியக் கதவு வைத்திருந்தார். வெளியாள் இல்லை, வருஷக்கணக்கில் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த பராமரிப்பாளர். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் டெபியனில் அது டெஸ்டிங் வரை வந்திருந்தது. ஸ்டேபிளில் 5.4.1. தப்பித்தது.

டெபியன் பின்வாங்கிய விதம் வேடிக்கை. வெர்ஷன் நம்பர் குறைந்தால் ஆப்ட் அதை அப்டேட்டாக எடுத்துக்காது. அதனால் புதுப் பொதிக்கு வைத்த நம்பர் 5.6.1+ரியலி5.4.5. ‘நிஜத்தில் 5.4.5 தான்’னு பெயரிலேயே ஒப்புதல் வாக்குமூலம்!

ஆனா ஒண்ணு, காத்திருப்பது மட்டுமே பாதுகாப்பு இல்லை. ஃப்ராய்ண்ட் அந்த அரை நொடியை அலட்சியப்படுத்தியிருந்தால், அடுத்த ஸ்டேபிளுக்குள் கதவோடு சேர்ந்தே உறைந்திருக்கும். பிரவுசர்களுக்கும் இந்த முறை ஒத்துவராது. மாற்றங்கள் அவ்வளவு வேகம், தைத்து மாளாது. குரோமியத்துக்கு ஸ்டேபிளிலேயே புது வெர்ஷன் கொடுத்துடுவாங்க.

இப்போ நான் செய்வது இதுதான்: ஓட்டைச் செய்தி வந்தால் அதன் சிவிஇ எண்ணை டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் போட்டுப் பார்ப்பேன். எந்த வாலில் அடைத்தாங்கன்னு அதிலேயே இருக்கும்.