விளக்கெரித்துக் குளிரூட்டிய பெட்டி

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில், அந்தக் காலப் பெரிய வீட்டுச் சமையற்கட்டு ஃபிரிட்ஜை எதிர்பார்த்து நடந்ததல்ல. பாலை உறை ஊற்றித் தயிராக்கினார்கள், கடைந்து வெண்ணெய் எடுத்தார்கள், உருக்கி நெய்யாக்கினார்கள். சீக்கிரம் கெடுகிற பொருள் இப்படி மாதக்கணக்கில் தாங்கும் பொருளாகிவிடும். மிஞ்சியது உறியில் தொங்கும். இல்லையென்றால் கம்பிவலை அலமாரிக்குள் போகும். எறும்பு ஏறாதபடி அதன் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும்.

பணம் இருந்தாலும் குளிர்ச்சி எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடெரிக் டியூடர் 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அவருடைய சென்னைக் கிடங்குதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் உள்நாட்டு ஊர்களுக்கு வண்டியேற்றினால் வழியிலேயே கரைந்துவிடும்.

மின்கம்பி எட்டாத பங்களாக்களுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் வழி காட்டியது மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ். பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் 1922-ல் இதன் நுட்பத்தை உருவாக்கினார்கள். 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நெருப்பு எப்படிக் குளிரூட்டும்? பெட்டியின் அடியில் திரிவிளக்கு எரியும். அதன் சூட்டில், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறும். பின்புறக் குழாய்களில் வெளிக்காற்று பட்டு ஆறித் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கும். அங்கே அம்மோனியாவின் பங்கு அழுத்தம் குறைவதால் மறுபடி ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். கடைசியில் தண்ணீர் அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ள, ஹைட்ரஜன் தன் இடத்துக்குத் திரும்பும். குழாய் முழுக்க மொத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் மோட்டார் வேண்டாம், சத்தமும் இல்லை.

வேலைதான் அதிகம். திரியைச் சீராகக் கத்தரிக்க வேண்டும், புகைக்குழாயில் கரி சேரவிடக் கூடாது, எண்ணெய் ஊற்ற வேண்டும். பெட்டி சாய்ந்து நின்றால் சுழற்சியே தடைபடும். ஆள்வைத்துப் பார்க்கக்கூடிய வீட்டுக்கே இது கட்டுப்படியாகும்.

பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. பின்னர் கம்பிகள் ஊர் ஊராக நீண்டன. 1958-ல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே மின்சார ஃபிரிட்ஜ் தயாரித்தது. விளக்கு ஃபிரிட்ஜுக்கு வேலை குறைந்தது. ஆனால் அந்த நுட்பம் போய்விடவில்லை: சத்தம் கூடாது என்பதால் ஓட்டல் அறைச் சிறு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இன்றும் அதுவே இருக்கிறது, திரிக்குப் பதில் மின்சூடு, அவ்வளவுதான்.

பழைய சாமான் கடையில் அப்படியொரு பெட்டி கண்ணில் பட்டால் வாங்கலாம். பின்புறக் குழாயை மட்டும் அறுக்க வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.