காலடிப்பேட்டையும் கட்டத்துணியும்

கிருக அலங்காரத்துக்கு வர்ண யோசனை தேடி அலைவோர், சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குச் சமீபத்தில், 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்கென ஸ்தாபித்த காலடிப்பேட்டையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். சாயவேரின் செம்மையையும் அவுரியின் நீலத்தையும் பருத்தியிலே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிச் சோழமண்டலக் கரையில் இத்தகைய நெசவாளர் நெய்த கட்டத்துணி, ‘மெட்ராஸ்’ என்ற பெயருடனேயே மேற்கு ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரசித்தி பெற்றது. சிவப்பிழை நீலத்தைக் கடக்குமிடத்தில் பிறக்கும் ஊதா நிழலை மேலும் வெளிறச் செய்தால் சுவருக்கு உகந்த வர்ணம் கிடைத்துவிடும். அழுத்தமான மூல நிறங்களோ திரைச்சீலைக்கும் நாற்காலி மெத்தைக்கும் மட்டுமே போதும். கைத்தறிக் கட்டத்துணி ஒரு கஜம் வாங்கி, பகலொளியில் ஜன்னலருகே விரித்துப் பார்த்த பிறகே பெயிண்டரை அழையுங்கள்.