முழங்கால் மூட்டுவாதமும் ஊசியில்லா அக்குபங்சரும்

உடலுறுப்புக்களுள் முழங்காலைப் போல இடையறாது பாரஞ் சுமப்பன மிகச் சிலவே. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியிலுள்ள கரடியனாறு போன்ற வேளாண்மை ஊர்களிலே களை பிடுங்குதல், வரம்பு கட்டுதல், மூடை சுமத்தல் முதலிய வேலைகள் யாவும் முழங்காலின் வலிமையையே நம்பியுள்ளன. ஆதலின் அங்கு இம்மூட்டு நோவுற்றவர் இழப்பது நடையை மாத்திரமன்று, தொழிலையுமாம்.

முழங்கால் மூட்டுவாதம் என்பது யாது? எலும்பு முனைகளைப் போர்த்து நிற்கும் கசியிழையம் எனப்படும் குருத்தெலும்பு நலிந்து தேய, மூட்டு முழுவதும் மாறுதலடையும் நோயே அது. முதுமை, மிகுந்த உடலெடை, பழைய காயம், குந்தியும் மண்டியிட்டுஞ் செய்யும் தொழில் ஆகியன இதற்கு ஏதுக்களாம். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடி மக்கள் மூட்டுத்தேய்வு நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுட் பெரும்பாலார்க்கு நோவு கண்ட இடம் முழங்காலே.

சீன நாட்டிலே தோன்றிய அக்குபங்சர் மருத்துவத்தை இலங்கையில் பரப்பியவருள் களுபோவிலை வைத்தியசாலையில் வாதநோய் நிபுணராக விளங்கிய அன்ரன் ஜயசூரிய குறிப்பிடத்தக்கவர். ஊசிக்கு அஞ்சுவார்க்கு அம்மருத்துவம் வேறு வழிகளையும் வகுத்துள்ளது. குறித்த புள்ளிகளை விரலால் அழுத்துதல் ஒன்று. மாசிபத்திரி இனத்து மூலிகையை உலர்த்திக் கொளுத்தி, அதன் வெம்மையைப் புள்ளியிற் படச் செய்தல் மற்றொன்று. மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சுதலும், தோலின்மேல் மென்மின்னோட்டஞ் செலுத்துதலும் பிற்காலத்தன. முழங்காற் சில்லின் கீழே இருபுறமுமுள்ள குழிகளும், அவற்றுக்கு நான்கு விரற்கிடை தாழ, முன்காலின் வெளிப்புறத்துள்ள புள்ளியும் இந்நோய்க்குச் சிறப்பாகக் கொள்ளப்படுவன.

இவை நோவைத் தணிப்பது எங்ஙனம்? மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்ட வாயிற் கொள்கை இதற்கு ஒரு விளக்கந் தரும். அழுத்தமும் தொடுகையும் எழுப்பும் நரம்புச் செய்திகள், முண்ணாணிலே நோவுச் செய்தி செல்லும் வாயிலை ஓரளவு அடைக்கின்றன என்பது அதன் சாரம். நம் முன்னோர் கையாண்ட ஒத்தடமும், சித்த மருத்துவத்தின் தொக்கணமும் தரும் சுகத்துக்கும் இதுவே ஒரு காரணமாகலாம்.

ஆயினும் சோதனை கூறுவது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2014இல் அவுஸ்திரேலியாவிலே நாட்பட்ட முழங்கால் நோவுடைய 282 பேரிடத்து நிகழ்த்திய ஆய்வில், மெய்யான லேசர் சிகிச்சை ஒளியில்லாப் போலிச் சிகிச்சையினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. 2018இல் அமெரிக்க முதியோரிடை நிகழ்ந்த ஆய்வோ, தாமே புள்ளிகளை அழுத்தியவர் வழமையான பராமரிப்பை மாத்திரம் பெற்றவரினும் நோவு குறையப் பெற்றனர் எனக் காட்டியது. ஆனால் பொருந்தாப் புள்ளிகளை அழுத்தியவரும் அவ்வாறே பயன் பெற்றனர். மூலிகை வெம்மை நோவைக் குறைப்பதாகச் சீன ஆய்வுகள் சில கூறினும், சூட்டை நோயாளி உணர்ந்துவிடுவராதலின் போலியை ஒளித்துச் சோதித்தல் அரிது. எனவே பயன் புள்ளியினின்றும் பிறப்பதிலும் தொடுகை, கவனம், நம்பிக்கை என்பவற்றினின்றும் பிறப்பதே பெரிது எனக் கருத இடமுண்டு. தேய்ந்த கசியிழையத்தை இவை மீள வளர்க்கும் என்பதற்குச் சான்றில்லை.

அறிஞரும் இங்கு ஒருமனத்தினரல்லர். அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019இல் அக்குபங்சரை நிபந்தனையுடன் ஏற்றது. பிரித்தானிய வழிகாட்டி 2022இல் அதனை விலக்கியது. ஆனால் உடற்பயிற்சியும், மிகையான எடையைக் குறைத்தலும் முதன்மையானவை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கதிரையில் அமர்ந்து காலை நேரே நீட்டிச் சிறிது நேரம் நிறுத்தி இறக்கும் எளிய பயிற்சி தொடைத் தசையை வலுப்படுத்தும். எடை ஒரு கிலோ குறைய, ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். நோவுள்ள காலுக்கு எதிர்க்கையிற் பிடிக்கும் ஊன்றுகோலும் நல்ல துணையே.

விரலழுத்தம் செலவற்றது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆதலின் அதனை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய காலுக்குச் சூட்டுச் சிகிச்சை புண் விளைக்கும். மூட்டுத் திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் காணின், தாமதியாது வைத்தியசாலையை நாடல் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் அழுத்துபவர் அதனோடு மற்றொரு பத்து நிமிடம் பயிற்சியுஞ் செய்வாராயின், அழுத்தம் நோவை ஆற்ற, பயிற்சி நடையைக் காக்கும். முன்னது பின்னதற்குத் துணையாகலாம், ஈடாகாது.