அட்டை கேட்டால் அட்டைப்பூச்சியா? தேடும் இயந்திரத்தைத் திருத்தும் வழி

பள்ளுருத்தியில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர், ஊரிலுள்ள குடும்ப அட்டைக்கு இங்கே அரிசி கிடைக்குமா என்று அறிய விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். கைபேசியில் "அட்டை" என்று மட்டும் தேடினால் என்ன வரும்? அட்டைப்பூச்சி வரும், புத்தக அட்டை வரும், வங்கி அட்டையும் வரும். குடும்ப அட்டை எங்கோ அடியில் கிடக்கும்.

நூலகர் செய்த வேலை

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நல்ல நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டி, "இதுவா, வேறா?" என்று கேட்பார். பதிலைக் கேட்டு அடுத்த அலமாரிக்குப் போவார்.

இதைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்காவின் ரோக்கியோ. 1971-இல் நூலில் வெளிவந்த அவரது முறை எளியது. வாசகர் "ஆம்" என்றவற்றின் சொற்களைக் கேள்வியோடு கூட்டு, "இல்லை" என்றவற்றின் சொற்களைக் கழி, மறுபடி தேடு. ரேஷன் கடைச் செய்தி ஒன்றைக் காட்டிக் கொத்தனார் "இதுதான்" என்றால், அரிசி, கடை, கைரேகை ஆகிய சொற்கள் கேள்வியில் சேரும், பூச்சி விலகும்.

சொல் வேறு, பொருள் ஒன்று

குடும்ப அட்டை என்பார் ஒருவர். ரேஷன் கார்டு என்பார் மற்றவர். எழுத்தை மட்டும் பார்க்கும் முறை இங்கே தடுமாறும். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பெர்ட்' போன்ற நரம்பணு வலை மாதிரிகள், எழுதியதை எண்களின் வரிசையாக்குகின்றன. பெர்ட்டின் அடிப்படை வடிவில் வரிசைக்கு 768 எண்கள். தேடலுக்கெனப் பழக்கிவிட்டால், பொருள் நெருங்கியவற்றின் எண்களும் நெருங்கி நிற்கும். வாசகர் "ஆம்" என்றதும் கேள்வியின் எண்கள் அந்தப் பக்கம் நகர்த்தப்படும்.

வாசகரைக் கேட்காமலே, முதலில் வந்த சிலவற்றைச் சரியென்று இயந்திரமே கொள்ளும் முறையும் உண்டு. பல வேளைகளில் அது பலன் தரும். ஆனால், முதலில் வந்தவை பூச்சிகளானால் தேடல் மேலும் காட்டுக்குள்ளேதான் போகும்! மனிதர் சொல்லும் ஒரு "ஆம்" அதைத் தடுக்கும்.

கொத்தனாருக்கு விடை

'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழகம் 2020-இல் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டையில் ஆதார் இணைந்திருந்தால், கேரள ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி பெறலாம். எல்லா அட்டைக்கும் இது பொருந்தாது.

எனவே ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், கடைக்காரரிடம் கேட்பதுபோல் முழுதாகக் கேட்பதே நல்லது. சரியான விடை கைக்கு வந்தால், மாதச் சம்பளத்தில் அரிசிக்காசு மிஞ்சும். ஊருக்கு அனுப்பும் பணமும் கூடும்.