செட் டொப் பெட்டியின் கண் எங்கே இருக்கிறது?

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் செட் டொப் பெட்டி ஒன்றும் அமர்ந்திருக்கும் வீடுகளை இன்று நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் காணமுடிகின்றது. கூரையில் டிஷ் அன்ரனாவைப் பூட்டியவர்களாயினும் சரி, தொலைபேசி இணைப்பினூடாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்களாயினும் சரி, அலைவரிசையை மாற்றுவதற்கு அவர்கள் நம்பியிருப்பது கையிலுள்ள ரிமோட்டையே ஆகும். பல பெட்டிகளில் அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ரிமோட் சொல்வதைப் பெட்டி கேளாதுவிட்டால் வேறு வழியில்லை. இளையவர்கள் கையடக்கத் தொலைபேசியுடன் ஒதுங்கிக் கொள்வார்கள். செய்தியையும் சமய நிகழ்ச்சிகளையும் தவிர வேறு துணையின்றிப் பகற்பொழுதைக் கழிக்கும் முதியவர்களின் நிலை அத்தகையதன்று.

எமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு வாரங்கள் இந்த நிலையில் இருந்தார். பற்றறிகளை இருமுறை மாற்றினார். புதிய ரிமோட் ஒன்றை வாங்கினார். இறுதியில் பெட்டியே பழுதாகிவிட்டது என முடிவுசெய்து திருத்துநர் ஒருவரை அழைத்தார். வந்தவர் எந்தக் கருவியையும் வெளியே எடுக்கவில்லை. பெட்டியின் மேல் அழகுக்காகப் போடப்பட்டிருந்த பின்னல் விரிப்பின் தடித்த கரையை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினார். "ரீச்சர், கண்ணை மூடிக் கட்டிவிட்டு இதைப் பார்க்கச் சொன்னால் அது எப்படிப் பார்க்கும்?" என்றார். வந்துபோன கூலியை ஆசிரியை செலுத்தவே நேர்ந்தது. புதிய ரிமோட்டுக்குக் கொடுத்த பணமும் போனது போனதுதான்.

ரிமோட்டின் முனையிலுள்ள சிறிய விளக்கிலிருந்து புறப்படுவது செந்நிறக் கீழ்க் கதிராகும். தமிழகத்தவர் இதனை அகச்சிவப்புக் கதிர் என்பர். சூரிய ஒளியை அரியத்தினூடாகப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இக்கதிரை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தார். எமது கண்கள் ஏறத்தாழ 700 நனோமீற்றர் அலைநீளம் வரையான ஒளியையே காணக்கூடியவை. பெரும்பாலான ரிமோட்டுகள் பயன்படுத்துவதோ 940 நனோமீற்றர் அளவிலான கதிரை. இதனைப் பெற்றுக்கொள்ளும் உணரி பெட்டியின் முகப்பில், கரும் பிளாஸ்ரிக் சாளரம் ஒன்றின் பின்னால் இருக்கும். எமக்குக் கறுப்பாகத் தோன்றும் அச்சாளரம் இக்கதிருக்குக் கண்ணாடி போன்றது. உணரி எமது பார்வைக்கு அகப்படாமல் ஒளிந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

கம்பியில்லாத முதலாவது தொலைக்காட்சி ரிமோட்டிலும் இதே சிக்கல் இருந்தது என்பது சுவையானதாகும். அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட அக்கருவி சாதாரண ஒளியையே பாய்ச்சியது. அவ்வொளியை உணரும் கண்கள் தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் பொருத்தப்பட்டிருந்தன. எந்த மூலை எதற்கானது என்பதை வாங்கியவர்கள் மறந்துபோயினர். வெயில் பட்டபோது அலைவரிசை தானாகவே மாறியது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் ஒளியைக் கைவிட்டு, காதுக்குக் கேளாத ஒலியால் இயங்கும் ரிமோட்டை வெளியிட்டது.

வெயிலின் தொல்லையைச் சமாளிக்கவே இன்றைய ரிமோட்டுகள் கதிரைத் தொடர்ச்சியாக அனுப்பாமல், பெரும்பாலும் செக்கனுக்கு 38,000 தடவை வரை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்கின்றன. உணரி அத்துடிப்புக்கு மட்டுமே செவிசாய்க்கின்றது. ஆயினும் நேரடி வெயில் விழும் யன்னலுக்கு எதிரே பெட்டி வைக்கப்பட்டிருந்தால் உணரியின் திறன் குன்றிவிடும். சிலவகைக் குழல் விளக்குகளும் இவ்வாறு இடையூறு செய்வதுண்டு. மாலையில் ஒழுங்காக வேலைசெய்யும் பெட்டி காலையில் முரண்டு பிடித்தால் ரிமோட்டைக் குறைகூற முன்னர் யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, கண்ணைத் தேடும் வேலைக்கு வருவோம். முதலில் ரிமோட் உயிருடன் இருக்கின்றதா என்பதை அறியவேண்டும். கையடக்கத் தொலைபேசியின் கமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், வெறுங் கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ மின்னுவதைக் காணலாம். பின்புறக் கமராக்கள் சில இக்கதிரை வடிகட்டிவிடும் என்பதால் முன்புறக் கமராவிலும் பார்க்கவேண்டும். புளூடூத் மூலம் இயங்கும் ரிமோட்டாயின் ஒளி தெரியாது. அதற்கு இந்தத் தேடல் பொருந்தவும் மாட்டாது.

அடுத்து, அறையைச் சற்று இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பெட்டியின் முகப்பில் சாய்வாகப் பிடிக்கவேண்டும். உணரி பெரும்பாலும் நேரங்காட்டும் எண்களுக்கு அல்லது சிறு சமிக்ஞை விளக்குக்குப் பக்கத்தில், முகப்பின் ஏதோவொரு ஓரத்தில் இருக்கும். கறுப்புச் சாளரத்தின் பின்னால் மிளகளவில் புடைத்த குமிழ் ஒன்று தென்பட்டால் அதுவே நாம் தேடும் கண்.

அவ்வாறு தென்படாவிடின் சமையலறையிலுள்ள அலுமினியத் தாள் உதவும். முகப்பு முழுவதையும் தாராளமாக மறைக்கக்கூடிய தாளொன்றை எடுத்து, நடுவில் பென்சில் நுழையுமளவு துளையிட்டு, முகப்புடன் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். பின்னர் ஒரு சாண் தூரத்திலிருந்து ரிமோட்டை அழுத்தியவாறு தாளை ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தவேண்டும். அலைவரிசை மாறும் இடத்தில், அல்லது சமிக்ஞை விளக்கு சிமிட்டும் இடத்தில், துளை கண்ணுக்கு நேரே வந்துவிட்டது என்பது பொருள். வெறுங் கடதாசியை இதற்குப் பயன்படுத்துவதில் பயனில்லை, மெல்லிய கடதாசியை இக்கதிர் ஓரளவு ஊடுருவிவிடும். கண்டுபிடித்த இடத்துக்கு மேலே நகப்பூச்சினால் ஒரு பொட்டு வைத்துவிடலாம். கண்ணின் மீதே வைத்துவிடக்கூடாது! பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் எவருக்கும் வரவேண்டாம். உத்தரவாதம் இல்லாதுபோகும் என்பது ஒருபுறமிருக்க, சில பெட்டிகளின் உள்ளே நேரடி மின்சாரமும் இருக்கின்றது.

இவ்வளவு பாடுபட்டுத் தேடவேண்டிய ஒன்றை உற்பத்தியாளர்கள் ஒரு சிறு புள்ளியால் குறித்துவிட்டால் என்ன என்றே நாம் கேட்கின்றோம். அதற்குச் செலவென்று சொல்லத்தக்க ஏதுமில்லை. கையேட்டில் படம் இருக்கின்றது என்று அவர்கள் கூறக்கூடும். அக்கையேடு எமது வாசகர்களின் மொழியில் கிடைக்கும் சந்தர்ப்பம் அரிது. கிடைத்தாலும் அதிலுள்ள எழுத்தைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படும்.

பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலுமாரிக்கு உள்ளேயோ மறைத்து வைக்க விரும்புவோருக்கு இந்த இடம் இன்னும் முக்கியமானது. அவர்களுக்கென நீட்டிப்பு வயர்கள் விற்கப்படுகின்றன. அவற்றின் ஒரு முனையிலுள்ள உணரியை வெளியே தெரியும்படி வைத்து, மறுமுனையிலுள்ள சிறு விளக்கைப் பெட்டியின் கண்ணுக்கு நேரே ஒட்டவேண்டும். அவ்விளக்கு ஒரு விரலளவு விலகினாலும் பெட்டி பேசாமல் இருந்துவிடலாம். ஆகவே பசைத்தாளை உரிப்பதற்கு முன்னர் விளக்கைக் கையால் பிடித்தபடி இரண்டு மூன்று அலைவரிசைகளை மாற்றிப் பார்க்கவேண்டும். ஒருமுறை ஒட்டி உரித்த பசை மீண்டும் நெடுநாள் நிற்பதில்லை.